மேலேறும் படி, கீழிறங்கும் நீர்

ஏலகிரியில் 400 சதுர அடி ஓட்டு வீடு ஒன்றைப் புதுப்பிக்க நினைப்பவர் முதலில் ஜன்னலைப் பற்றித்தான் யோசிப்பார். எந்தப் பக்கம் திறந்தால் மலை தெரியும், எங்கே நாற்காலி போட்டால் காலை வெயில் விழும் என்று கணக்குப் போடுவார். மேஸ்திரி வந்து டேப்பை நீட்டியதும் பேச்சு திசைமாறும். 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, கழிப்பிடத்தோடு சேர்ந்த குளியலறைக்குக் குறைந்தது 2.8 சதுர மீட்டர் வேண்டும் என்கிறது. அது 30 சதுர அடி. ஒரு மீட்டர் அகலத்தில், நடுவில் திரும்பி ஏறும் மாடிப்படிக்கு ஏறத்தாழ 60 சதுர அடி போகும். மலை பார்க்க வந்தவர் வீட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் படிக்கும் பாத்ரூமுக்கும் கொடுத்துவிட்டு நிற்கிறார்.

இந்த இரண்டையும் எங்கே வைப்பது? கேள்வி சிறியது, அதற்குச் சொல்லப்பட்ட பதில்கள் ஏராளம். ஒவ்வொரு பதிலும் ஒரு காலத்தின் தண்ணீர் வசதியையும், வேலையாட்களையும், சாதியையும், நம்பிக்கையையும் சுமந்து வந்திருக்கிறது. இவற்றை ஏலகிரியில் வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. திருப்பத்தூர் மாவட்டத்தில், பொன்னேரியிலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போனால் வரும் இந்த மலை கடல்மட்டத்துக்கு மேல் ஆயிரம் மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான உயரத்தில் இருக்கிறது. அத்தனாவூர், புங்கனூர், நிலாவூர், மங்கலம், கொட்டையூர் எனச் சிற்றூர்களாகப் பிரிந்து கிடக்கும் இங்கே மலையாளிப் பழங்குடியினர் காலங்காலமாக வாழ்கிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர் பக்கத்திலிருந்தும் சென்னை, பெங்களூரிலிருந்தும் வார இறுதிக்கு வருவோரின் சிறு வீடுகளும் இப்போது அவர்களுக்கு நடுவே நிற்கின்றன. சரிவான நிலம், கடினப் பாறை, மாதத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் வீடு. சமவெளியில் பிறந்த விதிகள் எவ்வளவு தூரம் தாங்கும் என்பது இங்கே தெரிந்துவிடும்.

கொல்லைப்புறம் என்ற பழைய பதில்

தமிழ் வீட்டின் மூத்த பதில், ‘உள்ளே வேண்டாம்’ என்பதுதான். திண்ணை, ரேழி, முற்றம், அடுப்பங்கரை என்று நீளும் வீட்டில் கிணற்றடிதான் குளியலறை. கழிப்பிடம் கொல்லைக் கோடியில் இருந்தது, அல்லது இல்லவே இல்லை. இதை வெறும் சுகாதார ஏற்பாடு என்று சொல்லிவிட முடியாது. தீட்டு பற்றிய கருத்தும், மலம் அள்ளும் வேலையை ஒரு சாதியின் தலையில் கட்டிய அமைப்பும் சேர்ந்துதான் வீட்டுக்குப் பின்னால் தனிச் சந்து ஒன்றை உருவாக்கின. அந்த வேலையைத் தடைசெய்யும் சட்டம் 1993இல் வந்தது. செப்டிக் டேங்குக்குள் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதையும் குற்றமாக்கிய விரிவான சட்டம் 2013இல் வந்தது. ஆக, இப்போதைய வீட்டுப் படத்தில் தொட்டி எங்கே இருக்கிறது என்பது சட்டமும் சம்பந்தப்பட்ட கேள்வி: லாரியின் குழாய் எட்டாத இடத்தில் தொட்டி கட்டினால், அதை யார், எப்படிக் காலிசெய்வது?

பழைய பதிலில் ஒரு நல்ல குணமும் இருந்ததை மறுக்க முடியாது. ஈரம் வீட்டுச் சுவரைத் தொடவில்லை. மண் சுவரும் சுண்ணாம்புச் சுவரும் இரண்டு மூன்று தலைமுறைக்கு நின்றதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் மார்கழிப் பனியில், இரவு இரண்டு மணிக்கு, மூட்டுவலிக்காரர் ஒருவர் கொல்லைக் கோடிக்கு நடந்துபோவதை எண்ணிப் பார்த்தால் அந்தப் பதிலின் ஆயுள் முடிந்துவிட்டது புரியும். பெண்கள் இருட்டும்வரை காத்திருந்த காலத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

படிக்கும் இதே கதைதான். ஓட்டு வீட்டில் மாடி கிடையாது, பரண் உண்டு. அதற்கு ஏணி போதும். வேலை முடிந்தால் எடுத்துச் சாத்திவிடலாம். நிரந்தரமான படி என்பது மாடியில் ஆள் படுக்கத் தொடங்கிய பிறகு வந்த தேவை. இன்று ஏலகிரியில் பழைய ஓட்டு வீட்டைப் புதுப்பிப்பவர் பெரும்பாலும் செய்ய முயல்வது, ஏணிக்கு இருந்த இடத்தில் படியை நுழைப்பதைத்தான். சிக்கல் அங்கேதான் முளைக்கிறது.

திசை சொல்லும் சாஸ்திரம்

அடுத்த பதில் வாஸ்துவிலிருந்தும் மனையடி சாஸ்திரத்திலிருந்தும் வருகிறது. ஈசானியமான வடகிழக்கில் கழிப்பிடமும் படியும் கூடாது. படி தெற்கிலோ மேற்கிலோ தென்மேற்கிலோ அமைந்து, வலஞ்சுழியாக ஏற வேண்டும். படிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். ‘லாபம், நட்டம்’ என்று படிப்படியாக எண்ணி, லாபத்தில் முடிகிறதா என்று பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சாஸ்திரத்தைக் கேலி செய்வது எளிது. அதன் எல்லையைக் கவனிப்பதுதான் பயன் தரும். கடையில் கிடைக்கும் மனையடி நூல்களில் அறையின் அளவுகளுக்குப் பலன் சொல்லும் பட்டியல் பொதுவாக 6 அடியில் தொடங்குகிறது. 6 நல்லது, 7 ஆகாது, 8 நல்லது, 9 ஆகாது என்று அது மேலே போகும். இன்றைய குளியலறையின் அகலமோ 4 அடி. அந்தப் பட்டியல் உருவானபோது அப்படி ஓர் அறை வீட்டுக்குள் இருந்ததில்லை என்பதற்கு இதையே சாட்சியாகக் கொள்ளலாம். கழிப்பிடத்துக்கு இப்போது வாஸ்துக்காரர்கள் சொல்லும் இடங்கள் பெரும்பாலும் பழைய விதியைப் புதிய அறைக்கு நீட்டிய விளக்கங்கள். அதனால்தான் ஆளுக்கு ஆள் மாறுகின்றன.

தோல் தொழில் நகரங்களில் இன்னொரு திசைக் கணக்கும் உண்டு. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இருந்து வரும் முஸ்லிம் குடும்பங்கள் பலவும் கழிப்பிடத்தில் உட்காருபவர் தொழுகைத் திசையான கிப்லாவை நோக்கியும் அமரக்கூடாது, அதற்கு முதுகு காட்டியும் அமரக்கூடாது என்று கேட்டுக்கொள்வார்கள். தமிழகத்திலிருந்து மக்கா மேற்கில், சற்றே வடக்குச் சாய்வாக இருக்கிறது. எனவே பீங்கான் வடக்குத் தெற்காகத் திரும்பும். வாஸ்து பார்ப்பவர்கள் வழக்கமாகச் சொல்வதும் வடக்குத் தெற்குதான்! இரண்டு மரபுகள் இரண்டு காரணங்களுக்காக ஒரே கோட்டில் வந்து நிற்பதால், இந்தப் பகுதிப் பிளம்பருக்கு ஒரு தலைவலி குறைகிறது. தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யத் தாழ்வான குழாயும் உட்காரச் சிறு திட்டும் கேட்கும்போதுதான் 30 சதுர அடி போதாமல் போகிறது.

ஒற்றைப்படை வழக்குக்கும் ஒரு சமாதானம் உண்டு. தளத்துக்குத் தளம் 3 மீட்டர் என்றால் 16 எழுச்சிகள், அதாவது படிக்குப் படி ஏறும் உயரங்கள், வரும். கால் வைக்கும் மிதிகள் 15தான், ஏனென்றால் கடைசி மிதி மாடித் தளமே. எதை எண்ணுவது என்பதை முன்பே பேசிக்கொண்டால் சண்டை வராது.

பங்களாவிலிருந்து ‘அட்டாச்டு’ வரை

வெள்ளைக்காரர்கள் கட்டிய பங்களாக்கள் கொல்லைப்புறத்தை வீட்டோடு ஒட்டவைத்தன. படுக்கையறை ஒவ்வொன்றுக்கும் ஒரு குளியலறை. அதற்கு வெளிப்பக்கம் தனிக் கதவு. தண்ணீர் கொண்டுவருபவரும் மலச்சட்டியை எடுத்துச் செல்பவரும் அந்தக் கதவு வழியாக வந்து போவார்கள். வீட்டுக்காரர் கண்ணில் படாத இந்த உழைப்பில்தான் ‘அட்டாச்டு பாத்ரூம்’ என்ற வசதி பிறந்தது. ஏவலாட்கள் போய், குழாய் வந்த பிறகும் அமைப்பு மட்டும் தங்கிவிட்டது. இன்று மலைவாசத்தலங்களில் அறை வாடகைக்கு விடுவோர் அறைக்கொரு பாத்ரூம் இல்லாமல் விளம்பரமே செய்வதில்லை.

பெரிய வீட்டுக்கு இது சரிவரலாம். சிறு வீட்டில் இரண்டு அறைக்கு இரண்டு பாத்ரூம் என்று ஆரம்பித்தால் இரண்டு கழிவுக் குழாய்கள், ஈரம் ஏறும் இரண்டு சுவர்கள், நீர் கசிய இரண்டு வாய்ப்புகள். விதித்தொகுப்பு, கழிப்பிடத்தின் ஒரு சுவராவது வெளிக்காற்றைப் பார்க்க வேண்டும் என்கிறது. நாலு சுவர் வீட்டில் இரண்டு பாத்ரூம்கள் வெளிச்சுவரைப் பிடித்துக்கொண்டால், மலை பார்க்கும் ஜன்னலுக்கு மிச்சம் என்ன?

எல்லா ஈரத்தையும் ஒரே இடத்தில்

பொறியாளர்களின் பதில், ஈரமானவை எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக, ஒரே சுவரை ஒட்டி இருக்கட்டும் என்பது. மொகஞ்சதாரோவில் சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன்பே குளிக்கும் மேடைகளைத் தெருவோரச் சுவரை ஒட்டிக் கட்டி, நீரை நேராகத் தெரு வடிகாலில் விட்டிருக்கிறார்கள். நவீன காலத்தில் இந்தச் சிந்தனையை எல்லைவரை இழுத்தவர் அமெரிக்கரான பக்மின்ஸ்டர் ஃபுல்லர். 1930களில் அவர் உலோகத்தில் அச்சடித்த முழுக் குளியலறையை உருவாக்கினார். விற்பனையில் அது வெற்றி பெறவில்லை. ஆனால் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை ஒட்டி எழுந்த நியூ ஒட்டானி ஓட்டலுக்கு ஜப்பானின் டோட்டோ நிறுவனம் தொழிற்சாலையில் செய்த குளியலறைகளைக் கொடுத்தபோது அதே எண்ணம் பிழைத்துக்கொண்டது.

நம் ஊரில் இதன் சிக்கன வடிவம், படிக்கு அடியில் பாத்ரூம். ‘சும்மா கிடக்கிற இடம்தானே’ என்ற வாதம் கேட்க நன்றாகவே இருக்கிறது. கணக்குப் போட்டால் அவ்வளவு நன்றாக இல்லை. குளியலறையின் உயரம் 2.1 மீட்டருக்குக் குறையக்கூடாது என்பது விதி. 3 மீட்டர் ஏறும் திரும்பு படியில் நடுத் தளம் 1.5 மீட்டர் உயரத்தில் வரும். கான்கிரீட் கனம் போக அடியில் 1.35 மீட்டர்தான் மிஞ்சும். நேர்ப்படியிலோ, 2.1 மீட்டர் உயரம் கடைசி மூன்று மிதிகளுக்குக் கீழேதான், அதாவது முக்கால் மீட்டர் நீளத்துக்குத்தான் கிடைக்கும். வெஸ்டர்ன் பீங்கானைச் சரிவுப் பக்கம் வைத்து, உயரமான பக்கத்தில் நின்று கைகழுவலாம். வாளியில் மொண்டு தலைக்குக் குளிக்க முடியாது. படிக்கு அடியில் கழிப்பிடம் மட்டும், குளியல் வேறு இடத்தில் என்று பிரித்தால் கணக்கு சரியாகும். விதித்தொகுப்பும் தனிக் கழிப்பிடத்துக்கு 1.1 சதுர மீட்டர் போதும் என்கிறது. இந்தப் பிரிப்பை நம் வீடுகள் ஏன் கைவிட்டன என்பது வியப்புதான். விருந்தாளிகள் ஆறு பேர் இருக்கும் காலை நேரத்தில் ஒருவர் குளிக்கும்போது இன்னொருவர் கழிப்பிடம் போக முடிவது சின்ன வசதியா?

படியின் அளவை எவ்வளவு குறைக்கலாம் என்பதிலும் வாதம் உண்டு. 17ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கட்டடக்கலை அறிஞர் பிரான்சுவா ப்ளோந்தெல், இரண்டு எழுச்சியும் ஒரு மிதியும் சேர்ந்தால் மனிதனின் ஓர் எட்டுக்குச் சமமாக வேண்டும் என்று சூத்திரம் வகுத்தார். இன்றைய அளவில் அது 60 முதல் 65 செ.மீ. வரை. நம் விதித்தொகுப்பு வீடுகளுக்கு அனுமதிக்கும் 19 செ.மீ. எழுச்சியும் 25 செ.மீ. மிதியும் சேர்ந்து 63 ஆகின்றன, சூத்திரத்துக்குள்தான் இருக்கிறது. இதற்கு மேல் செங்குத்தாக்கினால் இடம் மிஞ்சும், முழங்கால் மிஞ்சாது. 1.5 மீட்டர் விட்டமுள்ள சுருள்படி 1.8 சதுர மீட்டருக்குள் அடங்கிவிடும். ஆனால் அதில் கட்டில் ஏறாது, பீரோ ஏறாது, பாட்டியும் ஏறமாட்டார்.

ஓட்டுக் கூரை வைத்திருப்பவருக்கு இன்னொரு தடை. 5 மீட்டர் அகல வீட்டில் 30 பாகை சரிந்த கூரை, சுவர்த்தலைக்கு மேல் 1.44 மீட்டர்தான் எழும். பரண் தளத்திலிருந்து சுவர்த்தலை ஒரு மீட்டர் என்றால், தலை இடிக்காமல் நிற்கும் இடம் முகட்டுக்கு இரு பக்கமும் 60 செ.மீ. மட்டுமே. படி எங்கே தொடங்கினாலும் சரி, முகட்டுக்கு அடியில் வந்து முடிந்தாக வேண்டும். இதைக் கவனிக்காமல் மூலையில் படியை வைத்து, கடைசியில் ஓட்டைப் பிரித்துக் கூரையைத் தூக்கும் செலவு அரிதானதல்ல.

சரிவோடு போவது

கேரளத்தில் சிக்கனக் கட்டடக்கலைக்குப் பேர்பெற்ற லாரி பேக்கர் (1917–2007) அதற்கு முன் இமயமலைப் பகுதியிலுள்ள பித்தோராகட்டில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர். மலைவாசிகள் நிலத்தை வெட்டிச் சமப்படுத்தாமல் அதன் போக்கில் கட்டுவதை அங்கே கண்டார். சமவுயரக் கோட்டுக்குக் குறுக்காக அல்ல, அதற்கு இணையாக வீட்டைப் படுக்கவைத்தால் வெட்டும் மண்ணும் செலவும் குறையும் என்பதை அவர் எளிய படங்களால் விளக்கியிருக்கிறார். இந்த வழியில் போனால் 16 எழுச்சிப் படியே தேவையில்லாமல் போகலாம். நாலைந்து படி ஏறினால் படுக்கை, நாலைந்து படி இறங்கினால் குளியலறை என்று வீடு தளம் தளமாகப் பிரியும். படி தனி இடத்தை விழுங்காமல் நடையோடு கலந்துவிடும்.

குழாய்க்கும் இது தோது. நான்கு அங்குலக் கழிவுக் குழாய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் சரிவு 40க்கு 1. தொட்டி 12 மீட்டர் தள்ளியிருந்தால் 30 செ.மீ. இறக்கம் வேண்டும். குளியலறை மேட்டுப்பக்கம் இருந்தால் குழாய் வீட்டுத் தரைக்கு அடியில் போக வேண்டும்; அடைத்தால் டைல்ஸை உடைக்க வேண்டும். பள்ளப் பக்கம் இருந்தால் நிலமே வேலையைச் செய்துவிடும்.

இதன் பலவீனம், பல படிகள். ஒரே நீண்ட படியை விட அங்கங்கே வரும் இரண்டு மூன்று படிகள் இருட்டில் கால் தடுக்கக் கூடியவை என்று முதியோருக்கான வடிவமைப்பைப் பற்றி எழுதுவோர் எச்சரிக்கிறார்கள். ஏற்கெனவே நிற்கும் வீட்டின் தரையைத் துண்டாக்குவதும் எல்லா அடித்தளத்துக்கும் ஒத்துவராது. புதிதாகக் கட்டுபவருக்குக் கிடைக்கும் சுதந்திரத்தில் பாதிகூடப் புதுப்பிப்பவருக்குக் கிடையாது.

பாறையும் நீரும்

இதுவரை சொன்ன பதில்களில் பலவும் தொட்டிக்கு அப்பால் பார்ப்பதில்லை. தோல் பட்டறைகளின் கழிவால் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் கெட்ட வரலாறு இந்த வட்டாரத்துக்கு நன்றாகத் தெரியும். வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கையையும் முன்னெச்சரிக்கைக் கொள்கையையும் இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. வீட்டுக் கழிவு அளவில் மிகச் சிறியது. என்றாலும் மலைமேல் விடுவது அடிவாரத்துக்கும் உரியது என்ற தர்க்கம் மாறுவதில்லை.

செப்டிக் டேங்குக்கான இந்தியத் தர நிர்ணயம், உறிஞ்சுகுழி குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும் என்றும், கூடியவரை வீட்டிலிருந்து 6 மீட்டர் விலகியிருக்க வேண்டும் என்றும் பரிந்துரைக்கிறது. ஐந்து சென்ட் மனையில் இரண்டையும் பொருத்திப் பார்த்தால், உறிஞ்சுகுழிக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் ஒரே ஒரு மூலைதான். அந்த மூலையே குளியலறையைத் தீர்மானிக்கிறது. குளியலறை படியைத் தீர்மானிக்கிறது. வீட்டுப் படத்தை முன்வாசலிலிருந்து வரையாமல் உறிஞ்சுகுழியிலிருந்து பின்னோக்கி வரைந்தால் பாதிச் சச்சரவு தானே தீரும் என்று சொல்லத் தோன்றுகிறது.

ஆனால் 18 மீட்டர் என்பது மண் வடிகட்டும் என்ற நம்பிக்கையில் எழுந்த எண். ஏலகிரியின் அடியில் இருப்பது புவியியலாளர்கள் சயனைட் என்று அழைக்கும் கடினப் பாறை. அப்படிப்பட்ட பாறையில் நீர் வெடிப்புகள் வழியாகத்தான் ஓடுகிறது. வெடிப்பு எந்தப் பக்கம் போகிறது என்பதை டேப் சொல்லாது. இங்கேதான் உலர் கழிப்பிடக்காரர்கள் பேச்சுக்கு வருகிறார்கள். திருச்சி மாவட்டத்து முசிறியில் ஸ்கோப் தொண்டு நிறுவனம் மலம், சிறுநீர், கழுவும் நீர் மூன்றையும் தனித்தனியே பிரிக்கும் சூழலியல் கழிப்பிடங்களை அறிமுகப்படுத்தி, 2006இல் பொதுக் கழிப்பிடமாகவே நடத்திக் காட்டியது. நிலத்துக்குள் எதையும் இறக்காத இம்முறை பாறை நிலத்துக்குப் பொருத்தம்தான். ஆனால் சாம்பல் தூவ வேண்டும், தொட்டியை மாற்ற வேண்டும். கழிப்பிடம் தரைக்கு மேல் எழும்புவதால் ஏறிப் போக நாலைந்து படியும் வேண்டும்! சனிக்கிழமை வந்து ஞாயிறு மாலை இறங்கும் குடும்பம் இந்த ஒழுங்கைக் காக்குமா என்ற ஐயம் நியாயமானது.

பூட்டிய வீட்டுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. தரைக்குழாயின் டிராப்பில் நிற்கும் இரண்டு அங்குல நீர்தான் தொட்டியின் வாடையைத் தடுக்கிறது. வாரக்கணக்கில் வீடு பூட்டியிருந்தால் அந்த நீர் வற்றி, திறந்ததும் வாடை முகத்தில் அடிக்கும். வெளிச்சுவர் ஜன்னல் இல்லாத, படிக்கு அடியிலான பாத்ரூமில் இது இரட்டிப்பாகும்.

தீராமல் நிற்பவை

இந்தப் பதில்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால், படியையும் குளியலறையையும் தனித்தனியே தீர்க்க முயன்ற இடங்களில்தான் பிழைகள் அதிகம் தெரிகின்றன. தமிழ்நாட்டு வழக்கப்படி படியை வெளியே போட்டால் உள்ளே 60 சதுர அடி மிஞ்சும். ஆனால் மாடியில் படுப்பவர் இரவில் மழையில் நனைந்து கீழே வர வேண்டும், அல்லது மாடிக்கு இன்னொரு பாத்ரூம் கட்ட வேண்டும். அந்த இரண்டாவது பாத்ரூம் கீழுள்ளதற்கு நேர் மேலே வராவிட்டால், தாழ்த்திய தளத்தின் கசிவு படுக்கையறைக் கூரையில் தெரியும். ஒரு முடிவு மற்றதை இழுத்துக்கொண்டு வருகிறது. சரிவான மனையில் பள்ளப் பக்க வெளிச்சுவரில் ஒரே குளியலறை, கழிப்பிடம் தனி, படி முகட்டுக்கு அடியில் முடிவது என்ற வரிசை பல சிறு வீடுகளுக்குப் பொருந்தும் என்று சொல்ல ஆதாரம் உண்டு. எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று சொல்ல இல்லை.

தொட்டியின் அளவு இன்னும் குழப்பமானது. நாள்தோறும் ஐந்து பேர் என்று கணக்கிட்ட தொட்டி, 20 நாள் சும்மா இருந்துவிட்டுப் பொங்கல் விடுமுறையில் 15 பேரைச் சந்திக்கும்போது கழிவு தங்கித் தெளியக் கிடைக்கும் நேரம் மூன்றில் ஒன்றாகிவிடுகிறது. நிரந்தரக் குடியிருப்புக்கு எழுதிய விதிகள் இதற்கு நேரடியாகப் பதில் தருவதில்லை. பெரிய தொட்டி கட்டுவதா, வரும் ஆட்களைக் குறைப்பதா என்பது பொறியாளரிடம் கேட்கும் கேள்வியாக இல்லாமல் உறவினர்களிடம் பேசும் கேள்வியாகிவிடுகிறது.

மாடி வேண்டுமா என்பதும் முடிவாகவில்லை. படியை எடுத்துவிட்டால் 400 சதுர அடியில் 60 திரும்பக் கிடைக்கும்; மூட்டுவலிக்காரருக்கு வீடு முழுவதும் எட்டும். பரணுக்குப் பழைய ஏணியே போதும். ஆனால் பேரப்பிள்ளைகள் படுக்க விரும்புவது அந்தப் பரணில்தான், அவர்களுக்கு இரவில் பாத்ரூம் போக வேண்டியும் வரும்.